முதலில் காட்டிய முகம்

அந்த அலுவலகத்தில் பதினோரு அரசு வக்கீல்கள். கடைசியாக வந்து சேர்ந்தவளுக்குப் புதுசு என்று பெயர் விழுந்துவிட்டது. "புதுசு, அந்தக் கேஸ் கட்டை எடு", "புதுசைக் கூப்பிடு" என்று ஆரம்பித்து, ஏழாவது வாரத்தில் வாசல் காவலாளி கூட "வாங்க புதுசு மேடம்" என்று மரியாதையோடு கூப்பிடும் அளவுக்கு அது நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. பிறந்த வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் பயந்தாங்கொள்ளி. அதற்கு இது எவ்வளவோ தேவலை.

பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவள் கொலை, கொள்ளை என்று குற்ற வழக்கு நடத்தும் வேலைக்கு எப்படி வந்தாள் என்றால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பரீட்சை எழுதினாள், தேறினாள், உத்தரவு வந்தது. சேர்ந்தவுடன் ஐந்து நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. கடைசி நாள் தேர்வில் ஒரு கேள்வி: உங்கள் சாட்சியே கூண்டில் நின்று பொய் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிகிறது, என்ன செய்வீர்கள்? புதுசு யோசிக்கக் கூட இல்லை. 'உடனே எழுந்து நீதிபதியிடம் சொல்வேன்' என்று ஒன்றரை நிமிடத்தில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். முழு மதிப்பெண். வகுப்பில் இருந்த முப்பது பேருக்குமே அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்தான்.

அவளிடம் வந்த முதல் பெரிய வழக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் கொலை. கடையை மூடும் நேரத்தில் உள்ளே புகுந்த ஒருவன் அவர் பின்மண்டையில் அடித்துவிட்டு ஓடியிருக்கிறான். மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஓடியவன் முகத்தைப் பார்த்தது ஒரே ஒருவர்தான். அது கடைக்காரரின் மனைவி. மாடி வீட்டிலிருந்து சத்தம் கேட்டு இறங்கி வந்தவர், படிக்கட்டில் அவனை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் ஒரு பெயின்டரைப் பிடித்தார்கள். ஏற்கெனவே ஒரு சண்டையில் பாட்டிலால் அடித்து உள்ளே போய் வந்தவன். அடையாள அணிவகுப்பில் எட்டுப் பேருக்கு நடுவில் நின்றவனைக் கடைக்காரம்மா ஒரே பார்வையில் காட்டினார். வழக்கு அந்த விரல் நுனியில்தான் நின்றது. கைரேகை இல்லை, கருவி கிடைக்கவில்லை, வேறு சாட்சி இல்லை.

திங்கட்கிழமை விசாரணை. வியாழக்கிழமை பிற்பகல் கடைக்காரம்மாவை வரச் சொல்லியிருந்தாள் புதுசு. கோர்ட் எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போட்டால் பயப்படக் கூடாது என்றெல்லாம் சொன்னாள். கடைசிப் புத்திமதியை அவளே வேறொருவர் சொல்லக் கேட்க வேண்டிய நிலையில் இருந்தாள் என்பது வேறு விஷயம்.

கடைக்காரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மருந்துச் சீட்டுப் படித்துப் படித்துக் கண்ணைச் சுருக்கும் பழக்கம். மேஜை மேல் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "எனக்கு ஒரே ஒரு பயம்தான் மேடம்" என்றார். "அவன் என்னைப் பார்ப்பான் இல்ல?"

"பார்ப்பான் அக்கா. ஆனா கிட்ட வர முடியாது. ரெண்டு பக்கமும் போலீஸ் இருக்கும். நீங்க அவனைப் பார்க்கவே வேண்டாம். ஒரு தடவை கை காட்டினாப் போதும்."

"கை காட்டறதுல தப்பு வந்துடுமோன்னுதான். முதல்ல அட்டையில காட்டினப்பவும் எனக்குக் கை நடுங்கிச்சு."

"எந்த அட்டை?"

"போட்டோ ஒட்டின அட்டை. பன்னெண்டு மூஞ்சி இருந்துச்சு. அதுல நான் நாலாம் நம்பரைத் தொட்டுட்டேன். அப்புறம் அந்த இன்ஸ்பெக்டர் சார்தான், அவசரப்படாதீங்கம்மா, நல்லாப் பாருங்க, ஒன்பதாம் நம்பரைப் பாருங்கன்னாரு. பார்த்தா இவன்தான். அன்னிக்கு எனக்குப் புத்தியே ஒரு நிலையில இல்ல." அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கைப்பையை மூடினார். "நாளைக்கு மறுபடி வரணுமா?"

"வேண்டாம்" என்றாள் புதுசு. தன் குரல் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வருவது போல அவளுக்குக் கேட்டது.

அவர் போன பிறகு கேஸ் கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினாள். அட்டை இல்லை. அட்டை காட்டியதாக ஒரு வரி இல்லை. பெயின்டரின் வக்கீலுக்குப் போன நகல்களிலும் அது இருக்க வழியில்லை. இருக்கிற ஒரே சாட்சி முதலில் வேறொருவனைக் காட்டியிருக்கிறார் என்பதும், போலீஸே எண் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்பதும் எதிர்த்தரப்புக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். அதைச் சொல்ல வேண்டியவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அது தெரியாமல் இருந்திருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பாள்.

மறுநாள் காலை தலைமை வக்கீல் அறைக்குப் போனாள். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். புதியவர்களின் வேலையை நிரந்தரம் செய்யும் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அவளுடைய கடிதத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"பேப்பர்ல இருக்கா?"

"இல்ல சார். முழுக்கத் தேடிட்டேன்."

"பேப்பர்ல இல்லாததுக்கு நாம என்ன பண்ண முடியும்? புருஷனைப் பறிகொடுத்த பொம்பள. ஏதோ குழம்பிப் பேசுது."

"குழம்பின மாதிரி தெரியல சார். நம்பரே சொன்னாங்க. எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதம் கொடுத்துடலாமா?"

பெரியவர் மூடியை மேஜை மேல் வைத்தார். "இதோ பாரும்மா. அந்த ஆளுக்கு ஒரு வக்கீல் இருக்காரு. கேள்வி கேக்கறது அவர் வேலை. அவர் கேட்டா அந்தம்மா உள்ளதைச் சொல்லட்டும். யார் தடுக்கறது? கேக்கலேன்னா அது அவர் பாடு. நீ ஏன் நடுவுல விழுந்து கையக் கால உடைச்சுக்கறே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவளை வளைத்தது. கேட்டால் கடைக்காரம்மா உண்மையைச் சொல்லிவிடுவார். கேட்காவிட்டால் அது தன் தவறு ஆகாது. இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஒண்டிக்கொள்ள அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பயந்தவர்களுக்கு அவ்வளவு இடம் போதும்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றவள் முன்னால் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அந்த வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர். அலுவலகத்தில் அவருக்குச் சர்க்கரை என்று பெயர். அவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுவார்.

"ஏறுங்க மேடம். நனைஞ்சு திங்கட்கிழமை காய்ச்சல்ல படுத்துட்டா எங்க கேஸ் என்னாகறது?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் வாயில் வரவில்லை. ஏறினாள். அவரே ஓட்டினார். வண்டியில் வேறு யாரும் இல்லை. மழையைப் பற்றிப் பேசினார், சாலையைப் பற்றிப் பேசினார், தன் மகளுக்குப் பல் கட்டியதைப் பற்றிப் பேசினார். முதல் சிக்னலில் இடது பக்கம் திரும்பினார். அடுத்து ரயில்வே கேட் தாண்டி வலது பக்கம். தண்ணீர்த் தொட்டி இருக்கும் சந்தில் நுழையும்போதுதான் புதுசுக்கு உறைத்தது: வீடு எங்கே என்று இவர் கேட்கவே இல்லை.

"அந்தம்மா பாவம் மேடம்" என்றார் சர்க்கரை. "துக்கத்துல ஏதேதோ சொல்லும். உங்ககிட்டயும் ஏதோ சொல்லுச்சாமே."

காலையில் அவள் இதைச் சொன்னது ஒரே ஓர் ஆளிடம். கதவு சாத்தியிருந்தது.

"அந்தப் பையன் வெளிய வந்தா முதல்ல யார் வீட்டுக்குப் போவான்னு நினைக்கறீங்க? கை காட்டின வீட்டுக்குத்தான். நான் பதினெட்டு வருஷமா பார்த்துட்டேன். நீங்க புதுசு." வண்டி அவள் வீட்டு வாசலில் நின்றது. அவர் எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "உங்க வீட்டு சார் அந்தப் பதினோரு மாடி ஆஸ்பத்திரியிலதானே லிஃப்ட் பார்க்கறாரு? உயரத்துல வேலை. ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க மேடம்."

அவள் இறங்கினாள். நன்றி என்று கூடச் சொன்னாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கிண்டல் பண்ணியே கடத்திவிடுகிற ஆள். அவள் சொன்னதைக் கேட்டு முதலில், "போலீஸ் ஜீப்ல வந்து இறங்கியிருக்கே, தெருவே பார்த்திருக்கும், நாளைக்கு எனக்கு யாரும் கடன் தரமாட்டாங்க" என்று சிரித்தான். லிஃப்ட் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்படியேவா சொன்னாரு?"

"அப்படியேதான் சொன்னாரு. அக்கறையாத்தான் சொன்னாரு."

அவன் கொஞ்ச நேரம் கையில் இருந்த துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "விட்டுடேன். உன்னைத்தான் யாரும் ஒண்ணும் கேக்கலையே."

"பெரியவரும் அதைத்தான் சொல்றாரு."

"அப்புறம் என்ன?"

"அவன் செய்யலேன்னா?"

"செஞ்சிருந்தா?" என்றான் அவன். "நீ வெளிய விட்டு, அவன் போய் அந்தம்மாவை ஏதாவது பண்ணிட்டா?"

அந்தக் கேள்வி அவளுக்கு நேற்றிலிருந்தே இருந்தது. பெயின்டரின் படத்தைக் கேஸ் கட்டில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். ஒட்டிய கன்னம், இமைக்காத கண். இவன்தான் என்று ஒரு நிமிடம் தோன்றும். நாலாம் நம்பர் என்று அடுத்த நிமிடம் தோன்றும்.

சனிக்கிழமை கணவன் வேலைக்குப் போனதும் அவள் ஆறு தடவை போன் போட்டாள். ஐந்தாவது தடவை எடுக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் அவள் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்த நடையில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து தீய்ந்துபோனது. ஆறாவது தடவை எடுத்து, "லிஃப்டுக்குள்ள சிக்னல் கிடையாதுடி, எனக்கு இருக்கறது ஒரே உயிர், அதை நீ போன் பண்ணியே எடுத்துடுவே போல" என்றான். அவள் சிரிக்க முயன்றாள். ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு மதில் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் ரொம்ப நேரம் நின்றது. யாருடையது என்று தெரியவில்லை. பிறகு போய்விட்டது.

திங்கட்கிழமை கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. பெரியவர் வழக்கத்துக்கு மாறாகத் தானே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பின் வரிசையில், கதவை ஒட்டி, சர்க்கரை. பெயின்டரைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள். எட்டு மாதச் சிறை அவனைப் பாதியாக ஆக்கியிருந்தது. அவன் யாரையும் பார்க்காமல் புதுசை மட்டும் பார்த்தான். அவள் கண்ணை விலக்கிக்கொண்டாள்.

அவனுக்கு வாய்த்த வக்கீலுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். பாதி விசாரணையில் தலை தொங்கிவிடும், ஆனால் குறட்டை விடமாட்டார் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அவர் எதையும் கேட்கப் போவதில்லை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். புதுசும் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள்.

கடைக்காரம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். புதுசு கேட்டாள், அவர் சொன்னார். சத்தம், படிக்கட்டு, முகம். கடைசியில் கை நீட்டிப் பெயின்டரைக் காட்டினார். விரல் நடுங்கவில்லை.

தூங்குமூஞ்சி எழுந்து விளக்கு வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டார், தூரத்தைப் பற்றிக் கேட்டார், கண்ணாடி போடுவீர்களா என்று கேட்டார். உட்காரப் போனவர், எதையோ மறந்தவர் போலத் திரும்பினார்.

"அணிவகுப்புக்கு முன்னாடி போலீஸ் உங்ககிட்ட போட்டோ ஏதாவது காட்டினாங்களாம்மா?"

அப்பாடா என்றுதான் புதுசுக்கு முதலில் தோன்றியது. கேட்டுவிட்டார். இனி கடைக்காரம்மா சொல்லிவிடுவார். தான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கடைக்காரம்மாவின் கண் ஒரு கணம் கதவுப் பக்கம் போய் வந்தது.

"இல்ல" என்றார்.

"ஒண்ணுமே காட்டலையா?"

"இல்லீங்க."

"வேற கேள்வி இல்ல" என்று தூங்குமூஞ்சி உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "அரசுத் தரப்புல சாட்சிகிட்ட மறு விசாரணை உண்டா?" என்று கேட்டார்.

அறை அப்படியே இருந்தது. மின்விசிறி சுற்றியது. தட்டச்சுக்காரர் விரல்களைச் சொடுக்கு எடுத்தார். ஒன்றும் நடக்காதது போல இருந்த அந்த அமைதிதான் புதுசுக்குப் பயங்கரமாக இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒருவன் ஆயுள் முழுக்க உள்ளே போய்விடுவான். லிஃப்டில் வேலை பார்க்கிறவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். பெரியவரின் கை அவளுடைய கறுப்பு அங்கியின் நுனியை மேஜைக்கு அடியில் பிடித்திருந்தது. இழுக்கவில்லை. பிடித்து மட்டும் இருந்தது.

அவள் எழுந்தாள். தைரியம் வந்து எழுந்தாள் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தால் வாந்தி எடுத்துவிடுவோம் என்று தோன்றியது, எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, கேள்வி இல்ல. கோர்ட்டுக்கு ஒண்ணு சொல்லணும்."

நீதிபதி நிமிர்ந்தார்.

"சாட்சி இப்ப கடைசியா சொன்ன பதில் சரியில்லன்னு நம்ப எனக்குக் காரணம் இருக்கு. போன வியாழக்கிழமை என் அறையில அவங்களே என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க. போட்டோ அட்டை காட்டினதாகவும், அதுல அவங்க முதல்ல வேற ஒருத்தரைக் காட்டினதாகவும் சொன்னாங்க. அன்னிக்கே நான் இதை எதிர்த்தரப்புக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு."

தூங்குமூஞ்சி முழுசாக விழித்திருந்தார். அங்கியின் நுனியிலிருந்து கை விலகியது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரிஞ்சுதான் சொல்றேன் ஐயா."

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இன்ஸ்பெக்டரை முன்னால் வரச் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை என்று அவர் பணிவாகச் சொன்னார். அவரை அங்கேயே உட்காரவைத்து, கோர்ட் ஊழியர் ஒருவரையும் வேறொரு போலீஸ் அதிகாரியையும் ஸ்டேஷனுக்கு அனுப்பினார் நீதிபதி. இரண்டரை மணிக்கு அட்டை வந்துவிட்டது. எதையும் தூக்கிப் போடாத எழுத்தர் ஒருவர் அதை வேறொரு கேஸ் கட்டில் செருகி வைத்திருந்தாராம். பன்னிரண்டு முகங்கள். நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் தேதியும் கடைக்காரம்மாவின் கையெழுத்தும். அதன் மேல் ஒரு கோடு. பிறகு ஒன்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில் அதே கையெழுத்து, கொஞ்சம் கோணலாக.

கடைக்காரம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காலையில் கோர்ட் வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து, "அட்டை பத்திக் கேட்டா இல்லைன்னுடுங்கம்மா, இல்லைன்னா அவன் தப்பிச்சு உங்க வீட்டுக்கு வந்துடுவான்" என்று சொன்னதையும் சொன்னார்.

நாலாம் எண் யார் என்று பார்த்தார்கள். கொலை நடந்த வாரம் முழுக்கக் கால் உடைந்து வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன். அவன் வந்திருக்கவே முடியாது. அப்படியானால் கடைக்காரம்மா முதலில் காட்டியது தவறு. ஒரு தடவை தவறியவர் இரண்டாவது தடவை, அதுவும் எண் சொல்லிக் கொடுத்த பிறகு, சரியாகத்தான் காட்டினார் என்று யார் சொல்ல முடியும்?

அன்று சாயங்காலம் கோர்ட் படிக்கட்டில் கடைக்காரம்மா அவளை மறித்தார். சத்தம் போடவில்லை.

"என் புருஷனுக்காகத்தானே மேடம் நீங்க வந்தீங்க. உங்களை நம்பித்தானே சொன்னேன். நீங்க யாருக்கு வக்கீல்?"

பயிற்சி வகுப்பில் அதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அந்த முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "மன்னிச்சுடுங்க அக்கா" என்றாள். அவர் மன்னிக்கவில்லை. விலகி இறங்கிப் போனார்.

தீர்ப்பு வர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் புதுசு பஸ்ஸில் கடைசி இருக்கையில்தான் உட்கார்ந்தாள், முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்று. நிரந்தரக் கடிதம் வரவில்லை. தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டதாக ஒரு வரி வந்தது. சாலை விதி மீறல் வழக்குகள் பார்க்கும் கோர்ட்டுக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்கச் சிவப்பு விளக்கைத் தாண்டியவர்கள், தாண்டவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். பெரியவர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரில் வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சர்க்கரை மேல் விசாரணை நடந்தது. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். ஒருநாள் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்து நின்று, "சார் சௌக்கியமா மேடம்?" என்று அதே இனிப்போடு கேட்டார். சௌக்கியம் என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். கணவனுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அவன் கிண்டல் பண்ணுவது குறைந்துபோயிருந்தது. லிஃப்ட் கூரை மேல் ஏறும் முன் இடுப்புப் பட்டையின் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்று ஒருநாள் தானாகச் சொன்னான்.

பெயின்டரை விடுதலை செய்தார்கள். தீர்ப்பில் அவளைப் பற்றி இரண்டு வரி இருந்தது. நாலு நாள் தாமதித்தது தவறு என்று ஒரு வரி. தாமதமாகவேனும் சொன்னதைக் கோர்ட் குறித்துக்கொள்கிறது என்று ஒரு வரி. முதல் வரிதான் அவளுக்கு மனப்பாடம் ஆனது.

மறுநாள் பிற்பகல் அவளுக்குப் போன் வந்தது. கடைக்காரம்மா.

"இன்னிக்கு அவனை வெளிய விடறாங்களாம் மேடம்." "யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

வழக்கு முடிந்துவிட்டது, இனி அவர் அவளுடைய சாட்சி இல்லை. போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. போக வேண்டும் என்றும் இல்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அவள் மருந்துக்கடைக்குப் போனாள்.

கடைக்காரம்மா வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியைத் தள்ளிவிட்டார். ஆட்கள் வந்தார்கள், மருந்து வாங்கினார்கள், போனார்கள். ஒவ்வொரு தடவை கடை வாசலில் நிழல் விழும்போதும் இரண்டு பேர் கழுத்தும் ஒன்றாகத் திரும்பியது.

ஆறரை மணிக்கு அவன் வந்தான்.

தெருவைத் தாண்டி நேராக வந்தான். பக்கத்தில் அவன் அக்கா, கையில் துணிப்பையோடு, தம்பியின் சட்டையைப் பிடித்து "வேணாம்டா, வாடா" என்று இழுத்துக்கொண்டே வந்தாள். புதுசு எழுந்துவிட்டாள். எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைக்காரம்மாவுக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றாள். போலீஸுக்குப் போன் போடலாம் என்று நினைத்தாள். போலீஸ் என்றதும் எந்த முகம் நினைவுக்கு வந்ததோ, கை போனை எடுக்கவில்லை.

அவன் முதல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டான். "மேல வரமாட்டேன்" என்றான். "இங்கேயே நிக்கறேன்."

அப்போதுதான் அவள் பார்த்தாள். அவன் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என் வீடு இங்கிருந்து ரெண்டாவது தெரு. தினமும் இந்த வழியாத்தான் போகணும். நீங்க பயப்படுவீங்கன்னு தெரியும். நான் இல்லீங்க அக்கா. அதை உங்ககிட்ட ஒரு தடவை நேர்ல சொல்லணும்னு இருந்தேன். அவ்வளவுதான்."

கடைக்காரம்மா புதுசின் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார். கடையின் நாலு குழல் விளக்கு வெளிச்சமும் அவன் முகத்தில் விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நெற்றி, புருவம், மூக்கு, தாடை என்று மருந்துச் சீட்டைப் படிப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவன் அசையாமல் நின்று காட்டினான். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். தெரு முனை வரை அவர்கள் போவதை இருவரும் பார்த்தார்கள்.

"நல்லாப் பார்த்தேன்" என்றார் கடைக்காரம்மா. "ஒரு வருஷமா தூக்கத்துல வந்த மூஞ்சி இதுதான். ஆனா படிக்கட்டுல பார்த்தது இதானான்னு..." அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். "தெரியல மேடம். சத்தியமாத் தெரியல."

"சரிக்கா" என்றாள் புதுசு.

"அப்ப செஞ்சவன் எங்கேயோ இருக்கான். இல்லேன்னா இப்ப வந்துட்டுப் போனானே, இவனேதான். ரெண்டுல எது நிஜம்னாலும் எனக்குத் தூக்கம் இல்ல."

புதுசின் போன் அடித்தது. கணவன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். சொன்னாள். "நான் அங்க வந்துடறேன், தனியா வராதே" என்றான்.

வயதான ஒருவர் மூச்சு வாங்கியபடி படியேறி வந்து இருமல் மருந்து கேட்டார். கடைக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரை வியாதி உண்டா என்று அவரை விசாரித்தார். பிறகு மேல் தட்டைக் காட்டி, "அந்தப் பச்சை மூடி போட்டது மேடம், கொஞ்சம் எட்டி எடுங்க" என்றார். புதுசு முக்காலி மேல் ஏறினாள். முக்காலி ஒரு பக்கம் ஆடியது. கடைக்காரம்மா முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.